மார்கழிப் பக்குவம்

என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று எங்கள் ஊர் கெடாரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மறுக்க எனக்கு நேரமில்லை. ஆனால் என் நாத்தனார் அஞ்சம்மாளுக்கு நான் காய்ச்சிக் கொடுத்த உதட்டு மெழுகைப் பற்றி வாய் கிழியப் பேசுகிற இவர்களில் ஒருத்திக்காவது அதைக் காய்ச்சத் தெரியுமா? தெரியாது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

ஐம்பத்திரண்டாம் வருஷம் பனமலையிலிருந்து இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். நான் நல்ல கறுப்பு. மாலையும் கழுத்துமாக வாசலில் நிற்கிறேன், ஊரே கூடியிருக்கிறது. ஆரத்தித் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்த அஞ்சம்மாளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. தாயில்லாப் பெண் என்று செல்லம் கொடுத்து வளர்த்தது. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அண்ணி இன்னா, அடுப்புக்குள்ளேர்ந்து எழுந்து வந்துச்சா?" என்று கேட்டது. கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர், பக்கத்தில் மாலையோடு நின்ற என் புருஷன் துரைக்கண்ணு.

சின்னப் பிள்ளை சொன்னதைப் போய் மனதில் வைத்துக்கொள்வார்களா என்று கேட்பீர்கள். நான் வைத்துக்கொண்டேன்.

அவளுக்குப் பதினாறு நடக்கும்போது கீழுதட்டில் ஒரு வெள்ளை விழுந்தது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைப் பருப்பைப் பிளந்து ஒட்ட வைத்த மாதிரி, அத்தனூண்டு. விழுப்புரத்தில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, இது நோயே இல்லை, யாருக்கும் தொற்றாது, மருந்தும் கிடையாது என்று சொல்லி அனுப்பினார். டாக்டர் சொன்னால் ஊர் கேட்குமா? வெண்குஷ்டம் என்று பேர் வைக்கும். அப்புறம் அவளைக் கட்ட ஒருத்தன் வரமாட்டான். கறுப்புக்குக் கல்யாணம் உண்டு, இந்த வெள்ளைக்குக் கிடையாது. அந்த நாளில் எனக்கு உண்டான சந்தோஷத்தை நான் மறைக்கவில்லை. இரண்டு நாள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே மாவாட்டினேன்.

ஐம்பத்தாறு சித்திரையில் திண்டிவனத்திலிருந்து பெண் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. மாப்பிள்ளை சக்கரபாணி சைக்கிள் கடை வைத்திருந்தான். அவன் தாயார் வீரம்மாள் கெட்டிக்காரி, எதையும் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டாள் என்று கேள்வி. என் மாமனார் என்னைக் கூப்பிட்டு, கண்ணில் தண்ணீரோடு, "நீதாம்மா எதனா வழி பண்ணணும்" என்றார். சரி என்றேன். நல்ல மனசு என்று நினைத்துவிடாதீர்கள். அவள் கல்யாணமாகாமல் வீட்டிலேயே கிடந்தால் காலம் முழுக்க என் கையால் அல்லவா அவளுக்குச் சோறு?

வழி என் பிறந்த வீட்டிலேயே இருந்தது. பனமலையில் காடு கழனியில் நடந்து பாளம் பாளமாக வெடித்த காலுக்கு, எங்கள் வீட்டில் ஒரு மெழுகு காய்ச்சுவோம். தேன் பிழிந்த அடையைச் சுடுதண்ணீரில் போட்டு உருக்கித் துணியில் வடிகட்டினால், ஆறியதும் மெழுகு ஆடை போல மேலே மிதக்கும். அதைத் தேங்காயெண்ணெயோடு சேர்த்துக் காய்ச்சுவதுதான். வெயில் காலத்துக்கு மெழுகு ஒரு பங்கு, எண்ணெய் இரண்டு பங்கு. பனிக்காலத்தில் அந்த அளவு கல்லாக இறுகிவிடும், அதனால் எண்ணெய் நான்கு பங்கு. முதலாவது சித்திரைப் பக்குவம், இரண்டாவது மார்கழிப் பக்குவம். இரண்டையும் மாற்றிச் செய்தால், ஒன்று தடவ வராது, மற்றது தங்காது.

உதட்டுக்கு என்றால் நிறம் வேண்டுமே. விழுப்புரம் நாட்டு மருந்துக் கடையில் வேம்பாளம்பட்டை வாங்கி எண்ணெயில் போட்டு மூன்று நாள் வெயிலில் வைத்தேன். எண்ணெய் ரத்தமாகச் சிவந்தது. ஆனால் சிவந்த எண்ணெய்க்குள்ளிருந்து அந்த வெள்ளை பல்லிளித்தது. காவிக்கல்லை அம்மியில் அரைத்துத் தண்ணீரில் கலக்கி, கப்பி அடியில் படிந்த பிறகு மேல் தண்ணீரை மட்டும் வேறு சட்டியில் ஊற்றிக் காயவிட்டேன். முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி நைஸாக வந்தது. அதைக் கலந்ததும் வெள்ளை மறைந்தது, ஆனால் வெற்றிலை போட்ட வாய் மாதிரி ஆகிவிட்டது. கல்யாணமாகாத பெண் வெற்றிலை போட்ட வாயோடு நின்றால் அது வேறு வம்பு. சிவப்பை மட்டுப்படுத்தப் பழுப்பான காசுக்கட்டியைப் பொடி செய்து ஒரு சிட்டிகை சேர்த்தேன். அப்போதுதான் உதட்டின் சொந்த நிறம் வந்தது. அஞ்சம்மாள் கண்ணாடியில் பார்த்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

காலுக்குப் போடுவதைத்தான் இவள் வாய்க்குப் போட்டுக்கொண்டு நிற்கிறாள் என்று நினைத்து நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். அவளிடம் அப்போது சொல்லவில்லை.

வீரம்மாள் வந்தாள். பெண்ணை நடக்கச் சொன்னாள், பின்னலை அவிழ்த்துப் பார்த்தாள். அப்புறம், "மூஞ்சி கழுவிக்கினு வாம்மா, பவுடர் இல்லாம பாக்கணும்" என்றாள். மாமனாருக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் பயப்படவில்லை. கொல்லையில் நானே செம்பில் மொண்டு ஊற்றினேன். மெழுகின் மேல் தண்ணீர் நிற்குமா? முத்து முத்தாக உருண்டு விழுந்தது. உதடு அப்படியே இருந்தது. வைகாசியில் கல்யாணம் முடிந்தது.

புருஷன் வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன் அவளைத் தனியே கூப்பிட்டு ஒரு காலித் தைல டப்பாவில் மெழுகை ஊற்றிக் கொடுத்தேன்.

"இத பாரு. இது ஒரு மாசம் வரும். அவங்க வீட்டு அடுப்புல மெழுகு உருக்கினா தெரு முழுக்க மணக்கும், அதனால நீயா காய்ச்சலாம்னு நெனைக்காத. தீந்துபோனா இங்க வா. உன் வாயி வெளுப்புன்னு தெரிஞ்ச அன்னைக்கே உன்னைப் பஸ் ஏத்தி அனுப்பிடுவாங்க. அப்பாரு நாண்டுக்கினு செத்துடுவாரு."

"நீங்க சொல்றபடியே செய்றேன் அண்ணி," என்றாள். யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் என்பார்கள். என் காலம் அன்றைக்கு ஆரம்பித்தது.

மாதம் தவறாமல் வந்தாள். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம், அங்கே பஸ் மாறி கெடார். வந்து இறங்கியதும் டப்பாவை நீட்டுவாள். "முதல்ல மாட்டுக் கொட்டாயக் கூட்டு" என்பேன். கூட்டினால் சாணி தட்டச் சொல்வேன். தட்டினால் கேப்பை திரிக்கச் சொல்வேன். மல்லாட்டை பிடுங்குகிற மாசமாக இருந்தால் நேராக மல்லாட்டைக் காட்டுக்கே அனுப்பிவிடுவேன். பெண் குழந்தை பிறந்து, பாஞ்சாலி என்று பேர் வைத்த பிறகும் அப்படித்தான். குழந்தையை வரப்பில் போட்டுவிட்டுச் செடி பிடுங்குவாள்.

"அண்ணி, ஆறு மணி பஸ்ஸு போயிடும்."

"போனா நடந்து போ. காலு இல்லியா?"

ஒரு தடவை மெழுகு காய்ச்சி இறக்கி ஆறியதும் அவள் முன்னால் காலை நீட்டினேன். குதிகால் வெடித்திருந்தது. "தடவு" என்றேன். அதே சட்டியிலிருந்து விரலால் எடுத்து என் வெடிப்பு ஒவ்வொன்றிலும் அழுத்தித் தடவினாள். முடித்ததும், மிச்சத்தை டப்பாவில் வழித்துக்கொள்ளச் சொன்னேன். அவள் கை நின்றது.

"இதுவா அது?"

"இதேதான். எங்க ஊர்ல காலுக்குப் போடறது. உனக்குக் கொஞ்சம் கலரு சேத்தேன்."

என்னைப் பார்த்தாள். ஏதாவது சொல்லுவாள், சண்டை போடுவாள் என்று காத்திருந்தேன். சட்டியின் அடி வரை வழித்துக்கொண்டு போனாள். மெழுகு இல்லாமல் அவளுக்கு மறுநாள் விடியாதே. அன்றைக்குத்தான், வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்ணின் கணக்கு தீர்ந்தது என்று நினைத்தேன். ஆனால் ருசி கண்ட பூனை நான், விடவில்லை.

புகுந்த வீட்டில் அவள் எப்படி இருந்தாள் என்பதும் எனக்குத் தெரியும். விடியற்காலை நாலு மணிக்கு, மற்றவர்கள் புரளுவதற்கு முன் எழுந்து பூசிக்கொள்வாள். சிரித்தால் கையால் வாயை மூடிக்கொள்வாள். சொந்தக் குழந்தைக்கு முத்தம் கொடுக்க மாட்டாள், கன்னத்தைத் தொட்டு விரலைத்தான் முத்தமிட்டுக்கொள்வாள். வெள்ளை மெல்ல மெல்லப் பரவி முக்கால் உதட்டைப் பிடித்துவிட்டது. வீரம்மாளோ பார்க்கிறவர்களிடமெல்லாம், "எம் மருமவ மாதிரி எவளுக்கு வாய்க்கும்? எதுத்து ஒரு வார்த்தை கெடையாது, ஒக்காரச் சொன்னாக்கூட ஒக்காராது" என்று பெருமை பேசிக்கொண்டிருந்தாள்.

ஐம்பத்தொன்பது கார்த்திகையில் அவள் வரவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அந்த வருஷம் மல்லாட்டை நல்ல விளைச்சல், ஆள் கிடைக்கவில்லை. நானே குனிந்து நிமிர்ந்து இடுப்பு விட்டுப் போயிற்று. ஒரு மாசம் எப்படியோ பழைய டப்பாவைச் சுரண்டிச் சுரண்டிச் சமாளித்திருக்கிறாள். என்னை விட்டு அவளால் இருக்க முடிகிறதா என்று எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த வைகாசியில் பாஞ்சாலிக்குக் காது குத்து வைத்தார்கள். அழைக்க வந்தபோது, டப்பா அடி தெரிகிறது என்றாள். "அன்னைக்குச் சீர் கொண்டாரும்போது புதுசா காய்ச்சிக் கொண்டாறேன், போ" என்று அனுப்பினேன்.

காய்ச்சினேன். வெளியே கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிறது. நான் மெழுகு ஒரு பங்குக்கு எண்ணெய் நான்கு பங்கு ஊற்றினேன். கை தவறவில்லை, ஒவ்வொரு கரண்டியாக எண்ணித்தான் ஊற்றினேன். அந்தப் பந்தலில், அத்தனை சனங்களுக்கு நடுவில், அவள் வாய் வெளுக்க வேண்டும். நான் வாசலில் நின்ற மாதிரி அவளும் ஒரு நாள் நிற்க வேண்டும். வாழ்க்கை போய்விடுமே என்று எனக்குத் தோன்றவில்லையா? தோன்றியது. தோன்றியும்தான் ஊற்றினேன்.

சீர்த் தட்டோடு திண்டிவனம் போய் இறங்கினோம். அவள் என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போய் அவசரமாகப் பூசிக்கொண்டாள். "இளகலா கீதே அண்ணி?" என்றாள். "வெயில்ல வந்துச்சி இல்ல, ஆறினா இறுகிடும்" என்றேன். வெளியே அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். டப்பாவை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினாள்.

பந்தலில் தாய்மாமன் மடியில், அதாவது என் புருஷன் மடியில், பாஞ்சாலியை உட்கார வைத்தார்கள். ஆசாரி தங்கக் கம்பியை எடுத்தார். ஒரு காது முடிந்தது, மறு காது முடிந்தது, குழந்தை வீறிட்டுக் கத்தியது. மூச்சு நின்றுவிடுமோ என்கிற மாதிரி ஒரு அழுகை. அஞ்சம்மாள் பாய்ந்து வந்து அவளை வாரி எடுத்தாள். அவளுக்கு அந்த நேரம் உதடு ஏது, வெள்ளை ஏது? குழந்தையின் கன்னத்திலும் கழுத்திலும் மாறி மாறி முத்தமிட்டாள். மூன்று வருஷ முத்தத்தை ஒரே மூச்சில் கொடுத்தாள்.

முன்வரிசையில் ஒருத்தி கூச்சல் போட்டாள். "ஐயோ, ரத்தம்! கொழந்த மூஞ்செல்லாம் ரத்தம்!"

எல்லோரும் எழுந்துவிட்டார்கள். ஆசாரி குழந்தையின் காதைத் திருப்பிக் காட்டினார். "காதுல ஒரு சொட்டுகூட வரலீங்க, நீங்களே பாருங்க" என்று கெஞ்சினார். என் புருஷன் துண்டால் துடைத்தார். ரத்தம் அப்படி வழவழக்காது. துண்டைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், தங்கச்சியைப் பார்த்தார். அவரோடு சேர்ந்து பந்தலே பார்த்தது. அஞ்சம்மாளின் உதடு சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. முகவாயில் சிவப்பு வழிந்திருந்தது. சக்கரபாணி தலையைக் குனிந்துகொண்டான்.

நான் சீர்த் தட்டைக் கீழே வைக்காமல் நின்றேன். இதோ குஷ்டம் என்று ஒரு குரல் கிளம்பும், இதோ பெட்டியைத் தூக்கி வெளியே எறிவார்கள் என்று காத்திருந்தேன்.

வீரம்மாள் நடந்து வந்தாள். முந்தானையால் பேத்தியின் கன்னத்தைத் துடைத்தாள். "ரத்தமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எம் மருமவ ஒதட்டுப் பூச்சு, கரைஞ்சிட்டுது. அவ ஒதடு அப்படித்தான், வெளுப்பு. ஒட்டிக்காது. எலையப் போடுங்க ஜல்தியா, சோறு ஆறிப்போவுது" என்றாள்.

அவ்வளவுதான். நாலு பேர் முணுமுணுத்தார்கள், ஒரு கிழவி எழுந்து போனாள், மற்றவர்கள் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வீரம்மாள் பின்னாலேயே சமையல்கட்டுக்குப் போனேன். பாயச அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"அத்தே, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"இந்த வூட்ல தலகாணி ஒறையத் தோய்க்கிறவ யாரு? நான். கல்யாணம் ஆயி மூணாம் நாளே எண்ணெய்ச் செவப்பு. சவுக்காரம் போட்டும் போவல. ராத்திரி எழுந்துபோயி அவ தூங்கறப்ப வெளக்கத் தூக்கிப் பாத்தேன். தெரிஞ்சிபோச்சி. எம் புள்ளைக்கும் தெரியும். வாயத் தொறந்தியோ பாருன்னு நான்தான் சொல்லி வெச்சேன்."

"தெரிஞ்சுமா நாலு வருஷம் சும்மா இருந்தீங்க?"

கரண்டியை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சொல்லிட்டா பயம் பூடுமே. பயந்த மருமவ ஒரு ஜோடி மாட்டுக்குச் சமானம். பூசிக்கறதுக்கோசரம் நாலு மணிக்கு எழுந்திருக்கறா. எழுந்தவ படுப்பாளா? வாசத் தெளிச்சி, மாடு கறந்து, நான் எழறதுக்குள்ள பாதி வேல முடிஞ்சிருக்கும். எதுத்துப் பேசுனா எங்க உத்துப் பாத்துடுவாங்களோன்னு குனிஞ்ச தல நிமிர மாட்டா. நீ மட்டும் இன்னா, தருமத்துக்கா காய்ச்சிக் குடுத்த? மாசத்துல ஒரு நாளு உனுக்கு வேல செஞ்சா, மிச்ச நாளு எனுக்குச் செஞ்சா. நான் உன்னைக் கேட்டனா?"

கதவருகில் விசும்பல் கேட்டது. திரும்பினோம். விசும்பியது பாஞ்சாலி. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அஞ்சம்மாள் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ, முகவாயைக் கழுவித் துடைத்திருந்தாள். வெறும் உதடு. கல்யாணத்துக்குப் பிறகு அந்த உதட்டை நான் அன்றைக்குத்தான் வெளிச்சத்தில் பார்த்தேன்.

அழுவாள் என்று நினைத்தேன். உள்ளே வந்து, இடுப்பிலிருந்த டப்பாவை எடுத்து என் கையில் வைத்தாள்.

"இது மார்கழிப் பக்குவம் அண்ணி. நாலு வருஷமா வாயில வெச்சிக்கினு கீறேன், எனக்குத் தெரியாதா? பூசும்போதே தெரிஞ்சிச்சி. கை தவறிப்போச்சின்னு நெனைச்சிக்கினேன்."

அவள் மாமியார் பக்கம் திரும்பினாள்.

"அத்தே, நாளையிலேர்ந்து நான் ஆறு மணிக்குத்தான் எழுந்திருப்பேன்."

போய் முதல் பந்தியில் உட்கார்ந்தாள். எதிரில் இருந்தவர்கள் உதட்டையே பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று பாயசத்தை இரண்டு தரம் வாங்கிக் குடித்தாள். வீரம்மாள் என் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்தாள். "நல்லா ஓடிக்கினு இருந்த வண்டிக்கு அச்சாணியப் புடுங்கிட்டியே பாவி. உங்க சீரும் வேணாம், ஒண்ணும் வேணாம், எடுத்துக்கினு போ" என்றாள். எனக்கு வெட்கமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. மாசத்தில் ஒரு நாள் அடிமையைத்தான் நான் வைத்திருந்தேன், அதுவும் வீரம்மாள் விட்ட பிச்சை என்று தெரிந்த கோபம்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அஞ்சம்மாள் கெடாருக்கு வரவே இல்லை. மாமனார்தான் அவளைப் பார்க்கத் திண்டிவனம் போவார். அவள் வெறும் வாயோடு கடைவீதிக்குப் போகிறாள், சத்தமாகச் சிரிக்கிறாள், மாமியாரிடம் வார்த்தைக்கு வார்த்தை வாயாடுகிறாள் என்று வந்து சொல்லுவார். தினமும் குழந்தைக்கு முத்தம் கொடுக்கிறாளாம்.

கார்த்திகையில் மல்லாட்டை பிடுங்கினோம். ஆள் குறைவு, நாள் முழுக்க நான்தான் காட்டில் கிடந்தேன். மண்ணும் பனியும் பட்டு என் உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. காரம் பட்டால் உயிர் போயிற்று. அஞ்சம்மாள் திருப்பிக் கொடுத்து, பரணில் தூக்கிப் போட்டிருந்த டப்பா ஞாபகம் வந்தது. பனிக்கு ஏற்ற பக்குவம், பதமாக இறுகியிருந்தது. நன்றாகத் தடவிக்கொண்டு, எரிச்சல் அடங்கிய நிம்மதியில் புருஷனுக்குச் சோறு போடக் குனிந்தேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். வாயிலிருந்த சோற்றை விழுங்கிவிட்டு, "ஏய், அடுப்புக்கு எதுக்குடி செவப்பு?" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் இரண்டு பெண்களும் சிரித்தார்கள். பெரியவள் என்னைப் பார்த்து, "ஆமா, அடுப்பு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தாள். அவர் அந்தப் பழைய பேச்சை நினைவு வைத்துத்தான் சொன்னாரா, தானாக வந்ததா, எனக்குத் தெரியாது.

கொல்லைக்கு ஓடிப் போய் செம்பு செம்பாகத் தண்ணீரை வாரி முகத்தில் அடித்தேன். அழுகையோடு கையால் தேய்த்தேன். சிவப்பு முகவாய் வரைக்கும் இழுபட்டதே தவிரப் போகவில்லை. நான் காய்ச்சியது அல்லவா, தண்ணீர் முத்து முத்தாக உருண்டு கீழே விழுந்துகொண்டிருந்தது.